ஒரு சாண் தூக்கி, ஒரு தே ஓ

போன மாசம் பழைய கம்பெனியிலேருந்து ஒரு போன். பாதுகாப்புப் பிரிவுல புதுசா சேர்ந்த பொண்ணு. ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு.

"அங்கிள், ஏர்கோன் பெட்டியக் கூரைக்கு ஏத்துறப்போ, முதல்ல தரையிலேருந்து ஒரு சாண் தூக்கி அப்படியே நிறுத்தி வைப்பீங்களாமே? ஒருத்தர் தே குடிச்சு முடிக்கிற வரைக்கும்? இப்போ கிரேன்ல ஸ்க்ரீன் இருக்கு, எடைய உடனே காட்டிடுது. அந்த நிறுத்தத்த அரை நிமிஷமா குறைக்கலாம்னு பாக்குறோம். பழைய ஆளுங்க கருத்து ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா போதும்."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. ஒரு பக்கத்துல எழுத இது என்ன லீவு லெட்டரா? போன வச்சிட்டு நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாயே எந்திரிச்சுப் போயிடுச்சு. என் சம்சாரம் அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்து, "கேட்டது அந்தப் பொண்ணு. திட்டு வாங்குறது நானா? போய் எழுதுங்க"ன்னா. அதான் உக்காந்துட்டேன். பக்கம் எத்தனை ஆகுமோ தெரியாது. பொறுமையில்லாதவங்க இப்பவே கழண்டுக்கலாம்.

நான் பொறந்தது ஜொகூர்ல சாஆ பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். படிப்பு ஏறல. பாசிர் கூடாங் துறைமுகத்துல சங்கிலி தூக்குற ஆளாச் சேர்ந்தேன். அங்க நாலஞ்சு வருஷம் வெயில்ல வெந்துட்டு, கிரேன் வாடகைக்கு விடுற கம்பெனிக்கு மாறினேன். ரிக்கர் வேலை. கனமான சாமானுக்கு பெல்ட் மாட்டி, கிரேன் ஓட்டுறவனுக்குக் கைஜாடை காட்டி, எங்க வைக்கணுமோ அங்க உக்கார வைக்கிற வேலை. அதுலயும் எங்களுக்கு அதிகமா வந்தது கூரை மேல வைக்கிற ஏர்கோன் பெட்டிங்கதான். சில பெட்டி நம்ம தோட்டத்து வீட்டு சமையக்கட்டு அளவு இருக்கும். உள்ள ஆளு நடமாடலாம்.

கைஜாடை உடம்புல ஊறிப்போச்சு. விரல மேல காட்டிச் சுத்தினா தூக்கு. ரெண்டு கையையும் கோத்து வயித்துக்கு முன்னால வச்சா அப்படியே நில்லு. மாமாக் சாப்பாட்டுக் கடையில நான் விரலச் சுத்தினா பாய்க்குத் தெரியும், இன்னொரு ரவுண்டு தே. சொந்தக்காரங்க வீட்டுல பேச்சு நீண்டு போனா என் சம்சாரம் ரெண்டு கையையும் கோத்து வயித்துக்கு முன்னால வைப்பா. நான் வாய மூடிக்குவேன். இந்த வேலையில நான் கத்துக்கிட்டத விட அவ கத்துக்கிட்டது ஜாஸ்தி.

எங்களுக்கு மேலதிகாரி பொன்னம்பலம் சார். சிலோன்காரர். அப்பா ரயில்வேயில இருந்தவராம். சாரோட சட்டையில ஒரு நாளும் சுருக்கம் பாத்ததில்ல. நாங்க கிரீஸ்ல குளிச்சு நிப்போம், அவரு அப்பத்தான் கோயிலுக்குக் கிளம்பின மாதிரி நிப்பாரு. கத்த மாட்டாரு. கெட்ட வார்த்தை கிடையாது. கோவம் வந்தா "நீர்" "உமக்கு"ன்னு கூப்பிடுவாரு. கோவம் இல்லாதப்பவும் அப்படித்தான் கூப்பிடுவாரு. அதனால எப்போ கோவம்னு எவனுக்கும் தெரியாது. அந்தப் பயத்துலயே ஒழுங்கா இருந்தோம்.

அந்த ஒரு சாண் விஷயம் அவரோடதுதான். பெட்டி தரைய விட்டு ஒரு சாண் எழும்பினதும், "பொறும்"னு சொல்லுவாரு. நான் ரெண்டு கையையும் கோப்பேன். கிரேன் ஓட்டுற ஆ செங் எஞ்சின் சத்தத்தக் குறைப்பான். சார் பிளாஸ்க்கத் திறந்து, மூடியில தே ஓ, அதான் பால் போடாத தேத்தண்ணி, ஊத்தி, ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டே பெட்டியச் சுத்தி ஒரு நடை வருவாரு. பெல்ட் இழுபடுதா, எந்த மூலையாச்சும் பதியுதா, கிரேன் காலுக்கு அடியில மண்ணு அமுங்குதா, எல்லாம் பாப்பாரு. கடைசி மடக்கு முடிஞ்சதும், மூடிய ஒதறிட்டு, "சரி, போகட்டும்." அப்புறந்தான் பெட்டி மேல போகும்.

எங்களுக்கு அது பெரிய ரோதனை. வெயில்ல மண்ட காயும், அவரு சூடா தேத்தண்ணி குடிப்பாரு. ஒரு நாள் நானும் ஆ செங்கும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். பிளாஸ்க்குல இருந்தத ஊத்திட்டு, கடையில ஐஸ் போட்ட தே ஓ வாங்கி, ஐஸ எடுத்துட்டு நிரப்பி வச்சோம். ஆறின தேத்தண்ணிய எவன் ஊதிக் குடிப்பான்? மடக்கு மடக்குன்னு முடிச்சிடுவாருன்னு கணக்கு. சார் ஊத்தினாரு. ஒரு வாய் குடிச்சாரு. என்னப் பாத்தாரு. ஆ செங்கப் பாத்தாரு. அப்புறம் அந்தக் குளுந்த தேத்தண்ணிய ஃபூ ஃபூன்னு ஊதி, வழக்கமா எடுக்குற அதே நேரம் எடுத்துக் குடிச்சாரு. முடிச்சிட்டு, "தேத்தண்ணி ஆறினது பெல்ட்டுக்குத் தெரியாது, சாமிநாதன். அது இழுபட எடுக்கிற நேரம் எடுக்கும்"னாரு. மேல இருந்து ஆ செங் "சுடா கா, சாமி?"ன்னு கத்துறான், முடிஞ்சுதான்னு. எனக்கு எங்க மூஞ்ச வைக்கிறதுன்னு தெரியல.

இப்படி ஜாக்கிரதையா இருந்தும் சறுக்கல் இல்லாம இல்ல. கோத்தா திங்கியில ஒரு சூப்பர்மார்க்கெட். அது வெள்ளம் பாத்த ஊரு, அதனால எல்லாத்தையும் கூரையிலயே வைக்கணும்னு ஓனர் பிடிவாதம். எடை பாத்தோம், காத்து பாத்தோம், மண்ணு பாத்தோம். பெட்டி பூ மாதிரி உக்காந்துச்சு. எல்லாரும் கை குலுக்கிட்டோம். அப்புறம் பைப் போட வந்த ஆளு கேட்டான், "பைப் மாட்டுற பக்கம் ஏன் ரோட்டப் பாத்திருக்கு?" எந்தப் பக்கம் திரும்பணும்னு நான் சாக்பீஸால அம்புக்குறி போட்டிருந்தேன். முந்தின நாள் மழை அதக் கழுவிட்டுப் போயிடுச்சு. நான் ஞாபகத்துலயே திருப்பிட்டேன். எல்லாத்தையும் கழட்டி மறுபடி மாட்டினோம். ஓனர் என்னப் பாத்த பார்வை இருக்கே, ஐயோ, விடுங்க.

இப்போ கோபாலப் பத்திச் சொல்லணும். கோபாலு என் தங்கச்சி பாக்கியத்தோட புருஷன். எனக்கு மச்சான். ஏர்கோன் மாட்டுற கம்பெனியில வேலை. நாங்க பெட்டிய ஏத்துவோம், அவங்க ஆளுங்க பைப் போட்டு ஓட வைப்பாங்க. அதனால பாதி சைட்டுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம். தங்கமான மனுஷன். ஒரே ஒரு கோளாறு, தூக்கம். எங்க வேணாலும் தூங்குவான். மணவறையில ஐயர் மந்திரம் சொல்றப்பவே கண்ணசந்தவன். தூங்கினா உருளுவான், கட்டில்ல படுத்தவன் காலையில அலமாரிக்கு அடியில கிடப்பான். குறட்டையச் சொல்லவே வேணாம். மாசாய்ங்கிற ஊர்ல ரெண்டு குடும்பமும் ஒரே வாடகை வீட்டுல ரெண்டு வருஷம் இருந்தோம். நடுவுல பலகைச் சுவருதான். அந்தக் குறட்டை முதல்ல உறுமும், அப்புறம் விசிலடிக்கும், கடைசியில ஏதோ மறந்த மாதிரி ஒரு நிமிஷம் நின்னுட்டு மறுபடி உறுமும். ஆயிரம் குறட்டையில அத நான் தனியாக் கண்டுபிடிச்சிடுவேன்.

அது ஜொகூர் பாருவுல பன்னிரண்டு மாடி ஹோட்டல். சந்து ரோட்ட மறிச்சு கிரேன் நிறுத்தியிருந்தோம். வெள்ளிக்கிழமை. அந்தக் காலத்துல எங்க ஜொகூர்ல வெள்ளி, சனி லீவு, ரோடு காலியா இருக்கும்னுதான் அந்த நாளு. ஆனா பக்கத்துலயே பள்ளிவாசல். ஜும்மா தொழுகைக்குக் கார் வர ஆரம்பிக்கிறதுக்குள்ள ரோட்டத் திறந்து விட்டுடணும். ஹோட்டல் மேனேஜர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து கடிகாரத்தக் காட்டிட்டுப் போறாரு.

பெட்டி பெருசு. ஒரு பக்கம் ஆளு நுழையிற கதவு, வெளியில ரெண்டு தாழ்ப்பாள். இன்னொரு பக்கம் காத்து இழுக்குற ஜன்னல். அதுக்கு இரும்புக் கம்பி வலை மேல போய்த்தான் மாட்டுவாங்க, அது வரைக்கும் வெறும் பிளாஸ்டிக் ஷீட்டு ஒட்டியிருக்கும். பெல்ட் மாட்டுறதுக்கு முன்னாடி கதவத் திறந்து, டார்ச் அடிச்சு, உள்ள ஏதும் இல்லன்னு பாத்து, தாழ்ப்பாள் போட்டு, செக் பண்ற ஃபாரத்துல டிக் அடிக்கணும். அது ரிக்கர் வேலை. அதாவது என் வேலை.

நான் என்ன செஞ்சேன்? ரெண்டு கையிலயும் ஷேக்கிள், அதான் பெல்ட்டக் கோத்து மாட்டுற இரும்பு வளையம், இடுப்புல பெல்ட். கதவு அரையா சாத்தியிருந்துச்சு. காலால ஒரு தட்டு. முழங்கையால ரெண்டு தாழ்ப்பாளும். கை காலியானதும் ஃபாரத்துல டிக். "உள்ளே காலி." டார்ச் பைக்குள்ளயே இருந்துச்சு.

வாக்கி டாக்கியில, "கோபாலு மேல வந்துட்டானா?"ன்னு கேட்டேன். "கீழ இருப்பாருண்ணே, வந்துடுவாரு"ன்னாங்க. நான் கீழ பாத்தேன், இல்ல. அப்போ லிப்ட்டுல ஏறியிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன். மேல இருக்கிறவன் கீழன்னு நினைக்கிறான், கீழ இருக்கிறவன் மேலன்னு நினைக்கிறான். நடுவுல அவன் எங்க இருந்தான்னு இன்னேரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்குத்தான் தெரியல.

விரலச் சுத்தினேன். பெட்டி ஒரு சாண் எழும்புச்சு.

"பொறும்."

கையக் கோத்தேன். மேனேஜர் ஓடி வந்து, "இன்னிக்கு மட்டும் இந்த டீ வேணாம் சார், ப்ளீஸ் லா"ன்னு கெஞ்சுறாரு. சார் பிளாஸ்க்கத் திறந்தாரு. சொன்னா நம்புங்க, எனக்கும் அன்னிக்கு மேனேஜர் கட்சிதான்.

நடந்துக்கிட்டிருந்த சார் சட்டுன்னு நின்னாரு. "ஜன்னல் பக்கத்து மூலை ரெண்டு விரல் பதிஞ்சிருக்கு."

"மோட்டர் பக்கம் கனம் சார், அப்படித்தான் இருக்கும்."

"மோட்டர் மற்றப் பக்கம் எல்லோ?"

நான் குனிஞ்சு பாத்தேன், பதிஞ்சுதான் இருந்துச்சு. அவரு ஆ செங்கப் பாத்துக் கையக் காட்டினாரு, எஞ்சின் சத்தத்த இன்னும் குறைன்னு. சந்து அமைதியாச்சு. அப்போ கேட்டுச்சு, ஒரு கொர்ர்.

"உமக்குக் கேக்குதோ?"

"பேன் பேரிங்கா இருக்கும் சார்."

"கரண்டே குடுக்காத மெஷினுக்கு என்ன பேரிங் சத்தம்?"

கொர்ர். அப்புறம் விசில். அப்புறம் ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு வருஷம் கேட்ட சத்தம். முருகா, உள்ள இருக்கிறது என் மச்சான். அதுவும் காத்துக்காக ஜன்னல் ஓரமாத் தலைய வச்சுப் படுத்திருக்கான், அதான் அந்த மூலை பதியுது. அவனுக்கும் வெளிக்கும் நடுவுல இருக்கிறது ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு. தூக்கத்துல உருளுறவன். பன்னிரண்டு மாடி.

நான் பெட்டிப் பக்கம் ஓடப் போனேன். "ஓடாதையும்!" சார் கத்தி அன்னிக்குத்தான் கேட்டேன். "முதல்ல இறக்கும். மெதுவா." இறக்குறதுக்குக் கைஜாடை காட்டணும், என் கை கேக்கல. கோத்த கை கோத்தபடியே ஒட்டிக்கிச்சு. சார் தேத்தண்ணிய அப்படியே தரையில ஊத்திட்டு, எனக்கு முன்னால வந்து நின்னு அவரே கை காட்டினாரு. ஆ செங் முட்டையக் கூடையில வைக்கிற மாதிரி இறக்கினான். பெட்டி தரையில உக்காந்து, பெல்ட் தொய்ஞ்சதுக்கு அப்புறந்தான் தாழ்ப்பாளத் திறக்க விட்டாரு.

கோபாலு நெளிஞ்சு எந்திரிச்சு உக்காந்தான். டார்ச் வெளிச்சத்துக்குக் கண்ணச் சுருக்கி என் மூஞ்சியப் பாத்துட்டு, "ஏன் மச்சான், ஒரு மனுஷன இப்படியா எழுப்புவீங்க?"ன்னு எரிஞ்சு விழுந்தான். ரெண்டு நாளா பாசிர் கூடாங் பேக்டரியில ஷட்டவுன் வேலையாம், கண்ணு மூடலையாம். விடியக்காலையிலயே வந்து, லோரியில இருந்து பெட்டி இறங்கினதும், நிழலா இருக்குன்னு உள்ள பூந்துட்டான். வெளிய வந்து, பெல்ட்டப் பாத்து, ஹூக்கப் பாத்து, தலையத் தூக்கிப் பன்னிரண்டு மாடியையும் பாத்தான். "அலமாக்"னான், மலாய்ல ஐயோங்கிற மாதிரி. அதுக்கப்புறம் ரோட்டுலயே உக்காந்துட்டான்.

ஆ செங் மேல உக்காந்து சிரிக்கிறான், கண்ணுல தண்ணி ஓடுது. சிரிப்பா அழுகையான்னு அவனுக்கே தெரியல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

சார் ஃபாரத்த எடுத்தாரு. "கதவை ஆர் பூட்டினது?"

எவனும் பேசல. நானுந்தான். கோபாலு உக்காந்தபடியே, "நாந்தான் சார் இழுத்துச் சாத்தினேன், வெயிலு அடிச்சுச்சு"ன்னான். பாவி, அவனுக்குத் தெரிஞ்ச உண்மைய அவன் சொன்னான். நான் அந்த உண்மைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். சார் தலைய ஆட்டினாரு. மேனேஜர் அதுக்குள்ள வந்துட்டாரு. "ஆள் வெளிய வந்தாச்சு லா, இப்போ ஏத்தலாமே, இன்னும் நேரம் இருக்கு."

"இண்டைக்கு வேலை இல்லை"ன்னாரு சார். "ஒரு முழு மனுஷன் உள்ளுக்கு இருந்தவர், நாங்கள் பாக்கேல்ல. அப்ப வேற என்னத்தைப் பாக்கேல்ல எண்டு எனக்குத் தெரியாது."

கிரேன மடிச்சோம். ரோட்டத் திறந்தோம். தொழுகைக்குக் கார் வர ஆரம்பிச்சிடுச்சு. நான் ஒரு ஓரமா நின்னு பெல்ட்டச் சுருட்டுறேன், சுருட்டுறேன், சுருட்டி முடியல. பொய் டிக் அடிச்சது தெரிஞ்சா ரிக்கர் லைசன்ஸ் அட்டை போயிடும். என் சின்ன மகளுக்கு அப்போ ஏழு வயசு. சொல்லாம விட்டா எவனுக்கும் தெரியாது, கோபாலே சாட்சி. இதையெல்லாம் நான் யோசிச்சேன், இல்லன்னு சொன்னா அது இன்னொரு பொய். ஆனா கோபாலு டிராபிக் கோனுக்குப் பக்கத்துல உக்காந்து, எவனோ வாங்கிக் குடுத்த மைலோவ ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சுக்கிட்டிருந்தான். மைலோ சட்டையெல்லாம் சிந்துது, அதக்கூட அவன் பாக்கல. அதப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியல.

சார் கார் கதவத் திறக்கிறப்போ போய் நின்னேன். "சார், தாழ்ப்பாள் போட்டது நான். உள்ள பாக்கல. பாக்காமலே டிக் அடிச்சேன்."

"தெரியும்."

"எப்படி சார்?"

"தாழ்ப்பாள் வெளியில எல்லோ இருக்கு? உள்ளுக்குப் படுத்திருக்கிறவர் எப்பிடிப் போடுறது?"

"அப்போ ஏன் சார் என்னக் கேக்கல?"

"கேட்டனான். நீர் பதில் சொல்லேல்ல." திறந்த கார் கதவ மறுபடி சாத்தினாரு. "என்ட ரிப்போர்ட்டில உம்மட பேரும் வரும், கீழ கையெழுத்துப் போட்டது நான் எண்டபடியா என்ட பேரும் வரும். கம்பெனி என்ன செய்யுமோ அது பிறகு. ஆனா நீர் இனி வேலைக்கு வாறதோ இல்லையோ எண்டு நான் சொல்ல ஏலாது. கோபாலுட மனுசிட்டப் போய்க் கேளும். நடந்தது முழுக்கச் சொல்லும். அவ வரச் சொன்னா வாரும்."

"சார், அது என் தங்கச்சி."

"அதுக்குத்தான்."

கம்பெனி என்ன திட்டினாலும் வாங்கிக்கலாம். பாக்கியம் முன்னால போய் நிக்கிறது, அது வேற. எங்க அம்மா சாகறப்போ அவ கையப் பிடிச்சு என் கையில குடுத்துட்டுப் போனாங்க. நான் போனப்போ சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அவ அடுப்படியில மீன் வறுத்துக்கிட்டிருந்தா. கோபாலு வீட்டுல ஒண்ணும் சொல்லல போலிருக்கு, குளிச்சுட்டு ஹால்ல சாஞ்சிருந்தான். நான் அடுப்படி வாசல்ல நின்னே சொன்னேன். கதவு, காலால தட்டினது, தாழ்ப்பாள், டிக், ஒரு சாண், பன்னிரண்டு மாடி, கேட்டப்போ வாய மூடிக்கிட்டு நின்னது. எதையும் குறைக்கல.

அவ அடுப்ப அணைச்சா. திரும்பல.

"உள்ள பாத்தியா பாக்கலையா?"

"பாக்கல."

"ஏன்?"

"கையில ஷேக்கிள் இருந்துச்சு. அவசரம். அவன் உள்ள இருப்பான்னு நினைக்கல."

"வேற எவனாச்சும் இருந்திருந்தா?"



அவ கையில இருந்த கரண்டியோடயே என்னத் தாண்டி ஹாலுக்குப் போனா. நானும் பின்னாலயே போனேன், ரெண்டு போடு போடுவான்னுதான் நினைச்சேன். வாங்கிக்கத் தயாராவும் இருந்தேன். கோபாலு சோபாவுல தூங்கிட்டான். வாயத் திறந்து, ஒரு கால் தரையில, பாதி உடம்பு வெளிய. பாக்கியம் குனிஞ்சு, விழப் போனவன உள்ள தள்ளி, அவன் நெஞ்சு மேல கைய வச்சுக்கிட்டு நின்னா. கொர்ர்ருன்னு வந்துச்சு, விசில் வந்துச்சு. அப்புறம் அது நின்னுச்சு. அவளும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மறுபடி உறுமுன பிறகுதான் அவ கண்ணுல தண்ணி வந்துச்சு.

முந்தானையில மூஞ்சத் துடைச்சுக்கிட்டு என்னப் பாத்தா.

"வேலைக்குப் போண்ணே. ஆனா இனிமே எதத் தூக்குறதா இருந்தாலும், முதல்ல இவரு எங்க படுத்திருக்காருன்னு பாத்துட்டுத் தூக்கு."